"பைல் போதும்" என்று சொல்ல வேண்டியவர் யார்?



கோல சிலாங்கூர் கரையோர மண் மிருதுவான களிமண். ராஜா மூசா பக்கம் போனால் சதுப்புக் கரிமண். வீட்டு முன்வாசல் சிமெண்டுத் தளம் மெல்ல இறங்கி, படிக்கும் தரைக்கும் நடுவே சந்து விழுவதைத் தோட்டப்புற மக்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. இத்தகைய மண்ணில் ஒரு தமிழ்ப்பள்ளிக்கு இணைக்கட்டடம் எழுப்பும்போது, பைலிங் எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்பதை மண் பரிசோதனை அறிக்கையைப் பார்த்துக் கணக்கிடுபவர் பொறியியலாளர்.

ஆனால் தினமும் வெயிலில் நிற்பவர் 'கிளார்க் ஆஃப் வொர்க்ஸ்' எனப்படும் மேற்பார்வையாளர்தான். கம்பி வரைபடப்படி கட்டப்பட்டுள்ளதா, கான்கிரீட் கலவை சரியா, சோதனைக்கு எடுத்த கட்டிகள் 28ஆம் நாளில் போதிய வலுவைக் காட்டினவா என்று பார்ப்பது அவர் பணி. சாதாரணப் பணியல்ல, கண்டிப்பானவர் ஒருவர் இருந்தால் குத்தகையாளருக்குத் தூக்கம் வராது. அவரே, "பைல் இறுகிவிட்டது, இதோடு போதும்" என்று முடிவு சொல்லத் தொடங்கினால்தான் ஆபத்து. நடுவே ஒரு மெல்லிய கெட்டி அடுக்கில் பைல் நின்றிருக்கலாம். அதற்குக் கீழே மறுபடியும் களிமண். இருபது வருட அனுபவம் அதைக் காட்டிக் கொடுக்காது.

பொறியியலாளர் பதிவுச் சட்டம் 2015இல் திருத்தப்பட்டபோது, மேற்பார்வையாளர்களும் மலேசியப் பொறியியலாளர் வாரியத்தில் பதிந்துகொள்ளத் தனிப் பிரிவு வந்தது. நல்லதுதான். அதனால் அவர் பொறியியலாளராகிவிட மாட்டார். பொதுப்பணி இலாகா ஒப்பந்தப்படி கண்காணிப்பு அதிகாரியின் உத்தரவு எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ச்சொல்லோடு நின்றுவிடக் கூடாது.

தகுதி மீறலுக்குக் கொடுத்த விலையைச் சிலாங்கூர் மறக்கவில்லை. 1993 டிசம்பர் 11ஆம் நாள் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடிகளுள் ஒன்று சாய்ந்து 48 பேர் மாண்டனர். அங்கே கட்டடக் கலைஞராகச் செயல்பட்டவர் அத்தகுதி இல்லாத வரைவாளர் என்பது 2000ஆம் ஆண்டு உயர்நீதிமன்றத் தீர்ப்பில் பதிவாகியுள்ளது. அது தனியார் கட்டடம். எனினும் வழக்கின் அடுத்த கட்டம் எல்லாருக்கும் பொருந்தும். 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 95ஆம் பிரிவு, கட்டடத்தைப் பரிசோதித்து அங்கீகரித்த ஊராட்சி மன்றத்துக்குப் பாதுகாப்பளிக்கிறது என்று 2006இல் கூட்டரசு நீதிமன்றம் கூறிவிட்டது. பரிசோதனையில் கோட்டை விட்டார்கள் என்று பிறகு வழக்காடி ஈடு பெறுவது அவ்வளவு சுலபமல்ல.

ஆகவே பள்ளி மேலாளர் வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் அடிக்கல் நாட்டு விழாவுக்கு மாலை வாங்குவதோடு நின்றுவிட வேண்டாம். மேற்பார்வையாளர் வாரியத்தில் பதிந்தவரா? பைலிங் பதிவேட்டில் பொறியியலாளரின் கையெழுத்து உள்ளதா? ஆழத்தைக் குறைத்திருந்தால் அந்த உத்தரவுக் கடிதம் எங்கே? தரைக்குக் கான்கிரீட் ஊற்றும் முன்பே இவற்றைக் கேட்டு, ஒரு நகலைப் பள்ளி அலுவலகத்தில் வைத்துக்கொள்ளலாம்.