நகை கழுவும் மெசினும் அம்மாவின் தோடும்



கண்ணாடிக் கடையிலும் நகைக் கடையிலும் ஒரு சின்னத் தொட்டியைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் விட்டு, கண்ணாடியையோ மோதிரத்தையோ உள்ளே போட்டுப் பொத்தானை அமத்துவார்கள். ஒரு இரைச்சல் கேட்கும். மூன்று நிமிடத்தில் புதிதுபோல எடுத்துத் தருவார்கள். அல்ட்ராசொனிக் கிளீனர் என்பது அதன் பெயர். இப்போது சோறு காய்ச்சும் குக்கரைவிடச் சிறிய மெசின்கள் நூறு டொலருக்கும் குறைவாகக் கிடைக்கின்றன. எங்கள் ஆட்கள் பலர் வாங்கி வைத்திருக்கிறார்கள். நானும் வாங்கினேன். வாங்கி ஒரு பிழையும் விட்டேன். அதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

முதலில் மெசின் என்ன செய்கிறது என்று பார்ப்போம். தொட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் ஒரு தகடு செக்கனுக்கு ஏறத்தாழ 40,000 தடவை அதிரும். எங்கள் காது 20,000 வரைதான் கேட்கும். அந்த அதிர்வினால் தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் தோன்றி, தோன்றிய உடனேயே நொருங்குகின்றன. நொருங்கும்போது ஒவ்வொரு குமிழியும் பக்கத்தில் இருப்பதை ஒரு சின்ன அடி அடிக்கும். இப்படி நொருங்கும் குமிழிக்கு எவ்வளவு பலம் என்பதை லோர்ட் ரேலி என்ற ஆங்கில விஞ்ஞானி 1917 இல் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்தக் காலத்தில் கப்பல்களின் சுழலிகளை ஏதோ அரித்துத் தின்கிறது என்று கடற்படைக்காரருக்குப் பெரிய தலையிடி. கப்பலை அரித்த அதே குமிழிதான் இன்று தாலிக்கொடியின் வளையங்களுக்குள் மஞ்சளும் சந்தனமும் வியர்வையும் சேர்ந்து இறுகிய அழுக்கை எடுக்கிறது. பிரஷ் போகாத இடத்துக்கும் அது போகும்.

கல் இல்லாத 22 கரட் நகைக்கு, அதாவது கொடி, சங்கிலி, காப்பு போன்றவற்றுக்கு, இது மிக நல்லது. இளஞ்சூடான தண்ணீரில் கோப்பை கழுவும் சவர்க்காரத் திரவம் நாலைந்து துளி விடுங்கள். நகையைப் போட முதல் வெறும் தண்ணீருடன் ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். குழாய்த் தண்ணீரில் காற்றுக் கலந்திருக்கும். அது வெளியேறினால்தான் மெசின் ஒழுங்காக வேலை செய்யும். நகையைக் கூடைக்குள் வையுங்கள், அடித்தட்டில் படவிடாதீர்கள். ஓடும்போது விரலை விடக்கூடாது. தண்ணீர் இல்லாமல் ஓடவிடக்கூடாது. கழுவி ஊற்றும்போது சிங்கின் ஓட்டையை அடைக்க மறக்காதீர்கள்.

வாங்கிய மெசின் நல்லதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. குசினியில் இருக்கும் அலுமினியத் தாளில் ஒரு துண்டைத் தண்ணீருக்குள் ஒரு நிமிடம் பிடியுங்கள். தாள் சிறுசிறு பொட்டுகளாகக் குழிந்தோ துளைத்தோ வந்தால் உண்மையான மெசின். ஒன்றும் ஆகாவிட்டால் அது வெறுமனே குலுக்குகிற பெட்டி.

தங்கம் கரையுமா என்று பலர் கேட்கிறார்கள். கரையாது. தண்ணீருக்கும் சவர்க்காரத்துக்கும் தங்கம் அசையாது. தராசில் ஒரு சிறு குறைவு தெரிந்தால் அது போன அழுக்கின் நிறை. ஊரில் வீடு வீடாக வந்து பொலிஷ் போட்டுத் தருகிறோம் என்றவர்கள் பாவித்தது வேறு சாமான். இராசதிராவகத்தில் நகையை முக்கினால் தங்கம் கரைந்து அவர்களுடைய சட்டிக்குள் போய்விடும்.

இனி என்னுடைய பிழை. அம்மாவின் சிவப்புக்கல் தோடு ஒரு சோடி. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்துச் சனம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தால் நடந்த இரவில் அம்மாவின் காதில் இருந்தது அதுதான். மற்ற நகைகள் ஒவ்வொன்றாக அடகுக்கும் பயணத்துக்கும் போயின. உங்களில் எத்தனையோ பேருக்கு இந்தக் கணக்குத் தெரியும். அந்தத் தோட்டை, ஒரு கலியாண வீட்டுக்கு முதல் நாள், அம்மாவைச் சந்தோசப்படுத்துகிறேன் என்று மெசினுக்குள் போட்டேன். தங்கம் பளபளத்தது. கற்கள் ஆறும் மங்கிப் பழுப்பாகிவிட்டன. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஹரிஸ் பார்க்கில் ஒரு வயதான பத்தரிடம் கொண்டு போனேன். அவர் தோட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் முதலில் பார்த்தார். "தங்கச்சி, இது மூடின வேலையல்லோ," என்றார். பழைய தோடு, அட்டியல், பதக்கம் எல்லாவற்றிலும் கல்லுக்குப் பின்னால் தகடு மூடியிருக்கும். உள்ளே அரக்கு. அரக்குக்கு மேல், கல்லுக்கு நிறமும் ஒளியும் கொடுக்க மெல்லிய பூச்சுத்தாள். மெசின் தண்ணீரை இடுக்கால் உள்ளே தள்ளிவிடும். தாள் கறுத்துப்போகும். சூட்டுக்கு அரக்கும் இளகும், பிறகு கல்லே விழலாம். ஊரில் பத்தர்மார் பூந்திக்கொட்டைத் தண்ணீரும் மெல்லிய பிரஷும் பாவித்து, கவிழ்த்துப் பிடித்துக் கழுவியதன் காரணம் எனக்கு அன்றுதான் விளங்கியது.

ஆகவே நேயர்களே, எந்தக் கல் நகையையும் போட முதல் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் திறந்து வெளிச்சம் தெரிந்தால், கல்லும் ஆடாவிட்டால், வைரமோ நீலமோ போடலாம். ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனியாகப் போடுங்கள். மூடியிருந்தால் வேண்டாம். நவரத்தின மோதிரம் அறவே வேண்டாம். அதில் முத்தும் பவளமும் மென்மையானவை. மரகதத்தின் இயற்கை வெடிப்புகளை எண்ணெய் ஊட்டி மறைத்திருப்பார்கள், மெசின் அந்த எண்ணெயை எடுத்துவிட வெடிப்புத் தெரியும். மாணிக்கத்திலும் மலிவானவை கண்ணாடி நிரப்பியவை. இந்த நாட்டு ஓப்பல் கல்லும் ஆகாது. இரண்டு மூன்று படையாக ஒட்டிய ஓப்பல் என்றால் ஒட்டு விட்டுப்போகும்.

மூக்குக்கண்ணாடிக்கு அதிகம் பயப்படத் தேவையில்லை. சுடுதண்ணீர் வேண்டாம், இரண்டு நிமிடம் போதும். கண்ணாடியின் மேற்பூச்சு ஏற்கெனவே கீறியோ உரிந்தோ இருந்தால் மட்டும் போடாதீர்கள், மிச்சமும் உரிந்துவிடும். எடுத்தபின் ஆணிகள் இளகியிருக்கின்றனவா என்று பாருங்கள். சேலைத் தலைப்பால் துடைக்காமல் மெல்லிய துணியால் ஒற்றுங்கள். காது கேட்கும் கருவியையும் கைமணிக்கூட்டையும் ஒருபோதும் போடக்கூடாது.

பத்தர் கற்களைக் கழற்றி, புதுத்தாள் வைத்து, அரக்கு நிரப்பித் தர மூன்று கிழமை எடுத்தது. பழைய சிவப்பு வரவில்லை, கொஞ்சம் கூடவே சிவப்பு. அம்மா கண்ணாடிக்கு முன்னால் நின்று பார்த்துவிட்டு, "ஆற்றையோ தோடு மாதிரிக் கிடக்கு," என்றார். ஆனாலும் கழற்றவில்லை. இப்போதும் போட்டுக்கொண்டிருக்கிறார்.