துருப்பிடித்த குழாயும் தொழிலாளியின் கூலியும்



அண்மையில் அஸருக்குப் பின் ஒரு வீட்டுக்காரரும் பிளம்பரும் என்னிடம் வழக்கோடு வந்தனர். நாற்பதாண்டுப் பழைய ஜி.ஐ. குழாயில் ஓர் எல்போவை மாற்றப் பேசியிருந்தார்கள். கழற்றும்போது பக்கத்து மரையும் முறிந்தது. பிளம்பர் இரண்டடி சுவரை இடித்துச் சரிசெய்தார். "உடைத்தது நீங்கள்தான், கூலியில்லை" என்றார் வீட்டுக்காரர்.

இரும்புக் குழாயின் துத்தநாகப் பூச்சு தேய்ந்தால் துரு உள்ளிருந்தே அரிக்கும். மரை வெட்டிய இடம் ஏற்கெனவே மெலிந்தது; வெளியே தெரியாது. கவனக்குறைவின்றி நேர்ந்த சேதத்திற்குத் தொழிலாளி பொறுப்பாளியா என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி கொடாதவருக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்று ஸஹீஹுல் புகாரியில் வருகிறதே, சகோதரர்களே!

பிளம்பர்களும் கேளுங்கள். பழுது பெரிதென்று தெரிந்தே குறைத்துப் பேசி, சுவரை இடித்தபின் இரட்டிப்பாகக் கேட்பது ஏமாற்றே.

கடனை எழுதிக்கொள்ளப் பணிக்கும் வசனம் (2:282) நமக்கு வழிகாட்டுகிறது. என்ன வேலை, எவ்வளவு கூலி, மறைந்த பழுது வெளிப்பட்டால் செலவு யாருடையது என்பதைக் குழாயில் கைவைக்குமுன் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று மஃரிபுக்குள் அவர் கூலியைக் கொடுத்துவிட்டார். சுவர்ப்பூச்சுச் செலவை இருவரும் பாதியாக ஏற்றனர்.