பொதுப் பூங்காவுக்குக் கொடுக்கும் கொடை

(ரிங்லெட் வட்டாரத் தோட்ட மக்களுக்கு ஆற்றிய உரை)



தைப்பூசத்திற்குப் பினாங்கு சென்று வந்த நம்மில் பலர், தண்ணீர்மலைக் கோயிலுக்கு அருகிலுள்ள தாவரவியல் பூங்காவையும் கண்டிருப்போம். அது 1884ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்றது. இத்தகைய பூங்காக்களுக்கும் தோட்ட மக்களுக்கும் உள்ள உறவு பழையது. 1877இல் சிங்கப்பூர்ப் பூங்காவுக்கு வந்து சேர்ந்த 22 ரப்பர்க் கன்றுகளின் வழித்தோன்றல்களிலேதான் நம் முன்னோர் பலர் பால் சீவினர். ஆதலின், பெற்றோர் நினைவாக அப்படியொரு பூங்காவுக்கு ஏதேனும் வழங்க விரும்புவோர் நம்மிடையே இருப்பது இயல்பே.

நல்ல மனம் இருந்தால் போதும் என்று நாம் எண்ணுகிறோம். சட்டமோ எழுத்தைப் பார்க்கிறது. 1956ஆம் ஆண்டுச் சிவில் சட்டத்தின் வழியாக ஆங்கில நீதிமன்றங்களின் அறக்கொடைக் கோட்பாடுகள் நமக்கும் வந்துள்ளமையால், இரண்டு வழக்குகளை இங்கே நினைவூட்டுகிறோம்.

1801இல் இங்கிலாந்தில் ஒருவரது உயில் வழக்குக்கு வந்தது. தாவரவியல் பூங்கா ஒன்றை நிறுவ வேண்டும் என்றும், அது பொதுமக்களுக்குப் பயன்படும் என நம்புவதாகவும் அவர் எழுதியிருந்தார். அந்தச் சொற்களைக் கொண்டே நீதிமன்றம் அதனை அறக்கொடை என ஏற்றது. ஆயினும் கொடை நிற்கவில்லை! உயில் வழியாக அறத்திற்கு நிலம் அளிப்பதை அந்நாட்டின் 1736ஆம் ஆண்டுச் சட்டம் அன்று தடுத்திருந்தது.

மற்றொன்று பினாங்கு வழக்கு. சீன மாது ஒருவர், தம் குடும்பத்தார் கல்லறைகள் இருந்த இரண்டு தோட்டங்களை விற்கவோ அடகு வைக்கவோ கூடாதென உயிலில் எழுதிவைத்தார். குடும்பத்திற்கு மட்டும் பயன்படுவது அறக்கொடை ஆகாது. அறமல்லாத நோக்கத்திற்குச் சொத்தை என்றென்றைக்கும் கட்டிவைக்கவும் இயலாது என்று 1875இல் லண்டன் பிரிவி கௌன்சில் தீர்ப்பளித்தது. எனவே கொடைப் பத்திரத்தில் "பொதுமக்கள் நன்மைக்காக" என்பதைத் தெளிவாக எழுதுக.

பணம் யாரிடம் சேர்கிறது என்பதும் முக்கியம். 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(6)ஆம் பிரிவின்படி, மாநில அரசுக்கோ ஊராட்சி மன்றத்திற்கோ அளிக்கும் ரொக்கக் கொடை முழுவதற்கும் வரிக்கழிவு உண்டு. அங்கீகாரம் பெற்ற சங்கத்திற்கு அளித்தால், மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரையில்தான் கழிவு. அங்கீகாரமற்ற சங்கத்திற்குக் கொடுத்தால் எதுவுமில்லை. நம்மில் பலர் வரி கட்டும் நிலையில் இல்லைதான். பட்டணத்தில் பணியாற்றும் நம் பிள்ளைகள் கட்டுகிறார்களே! ரசீதைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

உயில் எழுதும் முஸ்லிம் அல்லாதார், 1959ஆம் ஆண்டு உயில் சட்டப்படி இரு சாட்சிகள் ஒருசேர இருக்கும்போது கையொப்பமிட வேண்டும். நிலத்தை உயிருடன் இருக்கும்போதே கொடுப்பதாயின், நில அலுவலகத்தில் பதிவாகும் வரை உரிமை மாறுவதில்லை.

செடி கொடுக்க விரும்புவோர் முதலில் பூங்கா அலுவலகத்தாரைக் கேட்டுக்கொள்க. நம் மலைக்காட்டு ஆர்க்கிட்டைப் பெயர்த்தெடுத்துக் கொண்டுபோய்க் கொடுக்கலாமே என்று சிலர் கேட்கின்றனர். கூடாது. வனக்காப்பகத்திலிருந்து அனுமதியின்றி எடுப்பது 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி குற்றமாகும்; நமக்கு உரிமையில்லாத பொருளை நாம் கொடையாக வழங்கவும் முடியாது. வீட்டு முற்றத்தில் நாமே வளர்த்த செடியாயின் தடையில்லை.