முதற் சம்பளம் பேசுதல்

(நமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



கலாசாலைப் படிப்பை முடித்து, மார்க்கெட்டிங் என்று யாவரும் வழங்கும் வியாபார விருத்தி வேலையில் முதன்முதலாக அமரப் போகும் நம் பிள்ளைகள் சம்பளம் பேச வேண்டிய வகையைக் குறித்துச் சில வார்த்தைகள் கூறுமாறு காரியதரிசி அவர்கள் பணித்தார்கள். இதுவும் ஒரு விஷயமா என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். கத்தரிக்காய் வாங்குமிடத்தில் ஐந்து ரூபாய்க்கு அரைமணி நேரம் வாதாடுகிற நாம், நம் பிள்ளையின் ஒரு வருஷத்து உழைப்புக்கு விலை பேசுமிடத்தில் மாத்திரம் வாய்மூடி நிற்கிறோம். அதற்கு அடக்கம் என்று பெயரும் இட்டுக்கொள்கிறோம்.

நமக்கு நெருங்கிய உறவினர் ஒருவரின் குமாரி பி.பி.ஏ. பரீட்சையில் தேறிச் சென்னையில் ஒரு கம்பெனியில் இத்தகைய வேலை பெற்றாள். வருஷத்திற்கு மூன்று லட்சம் ரூபாய் என்று நியமனக் கடிதம் வந்தது. வீட்டில் பாயசம் வைத்தார்கள். மாதம் 25,000 என்று மனக்கணக்குப் போட்டு, விடுதி வாடகை போக மிச்சத்தில் தம்பியின் கல்லூரிக் கட்டணத்தையும் கட்டிவிடலாமென்று தகப்பனார் திட்டம் செய்தார். முதல் மாதம் முடிந்து பாங்கில் வந்து சேர்ந்ததோ பதினாறாயிரம் சொச்சம். பெண்ணை ஏமாற்றிவிட்டார்கள் என்று அவர் நம்மிடம் ஓடிவந்தார். கடிதத்தை வாங்கிப் பார்த்தோம். ஏமாற்று ஒன்றுமில்லை, எல்லாம் அதில் எழுதியே இருந்தது. படித்தவர்தாம் ஒருவருமில்லை. பாயசம் உண்டவர்களில் நாமும் ஒருவர். அக்கடிதம் அன்று நம் கையிலும் வந்து போயிற்று.

அந்த மூன்று லட்சம் சி.டி.சி. எனப்படும். ஓர் ஊழியரின் பொருட்டுக் கம்பெனி வருஷத்தில் செலவிடும் மொத்தத் தொகை அதுவேயன்றிக் கைக்கு வரும் சம்பளமன்று. அதில் 60,000 இன்சென்டிவ். விற்பனை இலக்கை எட்டினாலன்றிக் கிடையாது. மீதி 2,40,000, மாதத்திற்கு 20,000. அடிப்படைச் சம்பளம் 12,500 என்று வைத்திருந்தார்கள். அதில் நூற்றுக்குப் பன்னிரண்டு வீதம் கம்பெனி சேமநிதிக்குச் செலுத்தும் 1,500 ரூபாயும் இந்த இருபதாயிரத்திற்குள்ளேயே அடங்கியது. கிராஜுட்டிக்கென்று ஏறக்குறைய 600 ஒதுக்கப்பட்டிருந்தது. நிரந்தர ஊழியருக்குப் பொதுவாக ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை பார்த்த பின்னரே அது கிட்டும். அவள் பங்காகச் சேமநிதிக்கு மற்றோர் 1,500. ஆக நின்றது 16,400. தொழில்வரி முதலியன அதிலும் கழிந்தன. சேமநிதி வீண்போவதன்று, அவளுடைய பணமேதான். ஆயினும் விடுதிக்காரியிடம் சேமநிதியைக் காட்டி வாடகை தீர்க்க முடியுமோ?

ஆகவே கையெழுத்திடுமுன் கேட்க வேண்டிய முதற்கேள்வி, "மாதந்தோறும் என் கைக்கு வருவது எவ்வளவு?" என்பதே. இரண்டாவது, "சென்ற வருஷம் சேர்ந்தவர்களில் முழு இன்சென்டிவ் பெற்றவர் எத்தனை பேர்?" என்பது. இக்கேள்விக்கு மேலதிகாரி சிரித்து மழுப்பினால் அத்தொகையைச் சூனியமென்றே கணக்கில் வைத்துக்கொள்ளலாம். ஊர் சுற்றும் வேலையாயின் பெட்ரோல் படி, போன் செலவு ஆகியவை யார் பொறுப்பு என்பதையும் அப்போதே தெளிந்துகொள்ள வேண்டும். சொந்த மோட்டார் சைக்கிளில் சொந்தப் பெட்ரோல் ஊற்றிக் கம்பெனிக்கு ஆர்டர் பிடித்துத் தரும் பிள்ளைகளை நாம் அறிவோம். அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும் இடமானால் சம்பளப் பேச்சே வேண்டாம். எழுந்து வந்துவிடுவது நலம்.

"முதலில் நுழைந்துவிடு, பிறகு தானே ஏறும்" என்பது நம் வீடுகளில் பெரியோர் கூறும் புத்தி. நாமும் கூறியிருக்கிறோம். ஏற்றம் என்பது முதற் சம்பளத்தின்மேல் நூற்றுக்கு இத்தனை என்று வருவது. 18,000க்குச் சேர்ந்தவனும் 21,000க்குச் சேர்ந்தவனும் வருஷந்தோறும் நூற்றுக்குப் பத்து வீதமே ஏற்றம் பெற்றாலும், ஐந்து ஏற்றங்களுக்குப் பின் முன்னவன் சம்பளம் சுமார் 29,000; பின்னவனது சுமார் 33,800. மூவாயிரமாயிருந்த பேதம் ஏறக்குறைய 4,800 ஆகிவிடுகிறது. முதல் நாள் கூச்சத்தால் விட்டதை உழைப்பால் மாத்திரம் பிடித்துவிடலாமென்பது கடினம்.

கேட்பது எங்ஙனம்? அதே ஊரில், அதே வேலையில், கடந்த ஓரிரு வருஷங்களில் சேர்ந்த நாலைந்து பேரை விசாரித்து நிலவரம் அறிய வேண்டும். அமெரிக்காவிலுள்ள மைத்துனனைக் கேட்பதிற் பயனில்லை. "எவ்வளவு எதிர்பார்க்கிறீர்?" என்று வினவினால், "தங்கள் சித்தம்" என்னாமல் ஒரு தொகையைச் சொல்லி, அதற்குக் காரணமும் சொல்ல வேண்டும். படிக்குங்கால் ஒரு கடையின் விளம்பரத்தை நடத்திக்கொடுத்தது, கல்லூரி விழாவுக்கு நன்கொடை திரட்டியது, இரண்டு பாஷைகளில் பேசி விற்க வல்லது, இவை காரணங்கள். வீட்டுக் கடனும் தங்கையின் கலியாணமும் காரணங்களாகா. தொகை ஏறாதென்றால், ஆறு மாதத்தில் மறுபரிசீலனை உண்டென்று எழுதி வாங்குவது சிலாக்கியம். பெரிய கம்பெனிகள் கலாசாலைக்கே வந்து ஐம்பது பேரை ஒரே சம்பளத்திற்கு எடுக்கும்போது பேரத்திற்கு இடமில்லை. அங்கே முட்டிக்கொள்வது வீண். கேட்டதற்காகவே வேலை கைநழுவிப் போவதும் அபூர்வமாக நேர்வதுண்டு என்பதை மறைக்க மாட்டோம்.

பெண் பிள்ளைகளுக்கு "உனக்கேன் இவ்வளவு?" என்ற பேச்சு கம்பெனியில் கேட்குமுன் வீட்டிலேயே கேட்கிறது. சம வேலைக்குச் சம ஊதியம் என்று 1976ஆம் வருஷமே சட்டம் ஏற்பட்டது. 2019ஆம் வருஷத்து ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே கூறுகிறது. தகப்பன்மார் இதை அறிந்திருத்தல் நன்று.

இனி, முதலாளிகளாய் இங்கே வீற்றிருக்கும் பெரியோர்கள் நம்மைப் பொறுத்தருள வேண்டும். நம்மவர் ஸ்தாபனத்தில் நம் பையன் சேரும்போது சம்பளப் பேச்சே எழுவதில்லை. "மாமா பார்த்துச் செய்வார்" என்று கொண்டுவந்து விடுகிறார்கள். மாமாவும் பார்த்துத்தான் செய்கிறார். ஆனால் வெளியார் பிள்ளைக்குச் செய்வதைவிட இரண்டாயிரம் குறைத்துச் செய்கிறார். பையன் வாய் திறந்தால் நன்றி கெட்டவன். திறக்காவிட்டால் வருஷக் கடைசியில், தொழிலைக் கற்றுக்கொண்டு, எதிர்க்கடைக்குப் போகிறான். அப்புறம் கலியாண வீடுகளில் இரு குடும்பத்தாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இவ்விதம் முறிந்த உறவுகள் மூன்று நமக்கே தெரியும். லாபம் குறைவான தொழிலாயின் அதை வெளிப்படையாகச் சொல்லி, இன்ன தொகை, இன்ன மாதத்தில் இவ்வளவு ஏற்றம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுப்பதால் மாமாவின் கௌரவம் குறையாது.

முன் சொன்ன பெண் ஆறாம் மாதத்தில் தானே மேலதிகாரியிடம் சென்று, தான் பிடித்த ஆர்டர்களின் கணக்கை வைத்துப் பேசி, மாதம் 2,000 ஏற்றமும் பெட்ரோல் படியும் பெற்றாள். தகப்பனாருக்கு வேலை கிடைத்த பின்னரே அது தெரியும். வரும் மாதம் முதல் ஞாயிறு காலைகளில் அவளும், கணக்கு வேலையில் பழகிய நம் அங்கத்தினர் இருவரும் சங்கக் கட்டிடத்தில் இருப்பார்கள். நியமனக் கடிதம் வந்தவர்கள் கையெழுத்திடுமுன் அதன் பிரதியுடன் வரலாம். பாயசம் பிறகு வைத்துக்கொள்ளலாம்.