விஜய் அமிர்தராஜின் இளமைப் பயணமும் நம் விடுதித் திடலும்

(சங்கத்தின் வெள்ளி விழாவில், இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் விழாவில் டென்னிஸ் ஆட்டத்தைப் பற்றிப் பேச ஒரு தலைமையாசிரியர் வந்து நிற்கிறாரே என்று முன்வரிசைப் பெரியவர்கள் சிலர் எண்ணக்கூடும். எண்ணுவதில் தவறில்லை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, அதன்பின் பட்டம், அதன்பின் அரசுப் பணி என்ற வரிசையிலேயே நம் பிள்ளைகளின் வாழ்வை இருபத்தைந்து ஆண்டுகளாக நாம் கணக்கிட்டு வந்துள்ளோம். அந்தக் கணக்குத்தான் நம்மை வயல் வரப்பிலிருந்து இந்த மேடை வரை கொண்டுவந்து சேர்த்தது. ஆயினும், விடுதிக்குப் பின்புறம் உள்ள இருபது சென்ட் நிலத்தில் கடைகள் கட்டி வாடகைக்கு விடுவதா, திடலாகவே விட்டுவைப்பதா என்ற வினா இன்று நிர்வாகக் குழுவின் முன் உள்ளது. அதனை மனத்தில் வைத்தே இன்றைய பொருளைத் தேர்ந்துகொண்டோம்.

விஜய் அமிர்தராஜ் என்னும் பெயரை இங்குள்ள முதியோர் வானொலியில் கேட்டிருப்பர். இளைஞர் பலர் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் 1953 திசம்பர் 14-ஆம் நாள் சென்னையில், கிறித்தவக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். ஆனந்த் மூத்தவர், அசோக் இளையவர். மூவருமே டென்னிஸ் ஆடியவர்கள். அவர்கள் குடிசையிலிருந்து புறப்பட்டவர்கள் அல்லர். படிப்பும் ஓரளவு வசதியும் உள்ள வீடு அது. இதை மறைத்து, நம்மைப் போல் எல்லாத் துன்பமும் பட்டவர் என்று புனைந்துரைப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் ஏமாற்று.

ஆனால் துன்பம் வேறு வாயிலாக அந்த வீட்டிற்குள் நுழைந்தது. சிறுவனாக இருந்தபோது அவருக்கு நுரையீரல் நோய். மருத்துவமனையில் படுத்த நாள்களும் பள்ளிக்குச் செல்லாத நாள்களும் மிகுதி. அப்போது அவருடைய தாயார் மார்கரெட் அம்மையார் தாமே பள்ளிக்குச் சென்று, வகுப்பில் அமர்ந்து, பாடக் குறிப்புகளை எழுதிக்கொண்டுவந்து, மகனுக்குப் படுக்கையருகில் கற்பித்தார் என்று அவர் பிற்காலத்தில் கூறியுள்ளார். அந்த அம்மையார் அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலை ஒன்றையும் நடத்தியவர். திறந்த வெளியில் ஓடியாடினால் உடல் தேறும் என்பதற்காகவே அவர் கையில் மட்டை கொடுக்கப்பட்டது. கோப்பை வாங்கி வருவான் என்று யாரும் எதிர்பார்த்துக் கொடுக்கவில்லை. அவருக்குப் பயிற்சியாளராக வாய்த்தவர் ராமராவ் என்னும் பெரியவர்.

தாய்மார்களே, நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்விட்டு வந்து பிள்ளையின் பையைத் திறந்து பார்க்கும் உங்களுக்கு அந்த அம்மையாரின் செயல் வியப்பாக இராது. எழுதத் தெரியாத தாய், பக்கத்து வீட்டுப் பெண்ணை அழைத்து மகனின் வீட்டுப்பாடத்தைப் படித்துக்காட்டச் சொன்னதை நம் பள்ளியிலேயே கண்டிருக்கிறோம்.

இனி, தொழில்முறை ஆட்டம் என்றால் என்ன என்பதைச் சிறிது விளக்க வேண்டும். 1968 வரை விம்பிள்டன் போன்ற பெரும் போட்டிகளில் பணம் வாங்கி ஆடுவோருக்கு இடமில்லை. பொழுதுபோக்காக ஆடும் கனவான்களின் ஆட்டம் அது என்று பெயர். சோற்றுக்கு உழைக்க வேண்டியவன் பொழுதுபோக்காக எத்தனை நாள் ஆட முடியும்? ஆகவே அந்த விதி, சொல்லில் ஒழுக்க விதியாகவும் செயலில் வேலியாகவும் இருந்தது. 1968-இல் அந்த வேலி அகற்றப்பட்டது. அவ்வாண்டு அமெரிக்க ஓப்பன் போட்டியை வென்ற ஆர்தர் ஆஷ் அப்போது இராணுவ அதிகாரி; தொழில்முறை அல்லாதவர். ஆதலால் வெற்றிப் பரிசான 14,000 டாலர் அவருக்குக் கிட்டவில்லை; தோற்றுப்போன டச்சுக்காரர் டாம் ஓக்கருக்குச் சென்றது.

அதே 1968-ஆம் ஆண்டின் திசம்பர் 25-ஆம் நாள் நம் மண்ணில் என்ன நிகழ்ந்தது என்பதை இந்த அவையில் விரித்துரைக்கத் தேவையில்லை. அரைப்படி நெல் கூலி உயர்வுக்காக நின்ற கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டன. அன்று விஜய் அமிர்தராஜுக்கு வயது பதினைந்து. இரண்டு செய்திகளையும் ஏன் அருகருகே வைக்கிறோம் என்பது சற்று நேரத்தில் விளங்கும்.

1970-இல் அவர் உலகப் போட்டிகளில் ஆடத் தொடங்கினார். தொழில்முறை டென்னிஸ் ஆட்டக்காரனுக்கு மாதச் சம்பளம் இல்லை. பயணச் சீட்டும் தங்கும் செலவும் அவனுடையவை. முதல் சுற்றிலேயே தோற்றால் அந்த வாரம் கைக்கு வருவது சொற்பம். அடுத்த ஊருக்கு மூட்டை கட்ட வேண்டும். அறுப்புக்குப் போனால் கூலி, போகாவிட்டால் அடுப்பில் பூனை என்பது நமக்குத் தெரிந்த வாழ்வுதான். விமானத்தில் ஏறிச் செல்லும் அன்றாடங்காய்ச்சி என்றே தொடக்கநிலை ஆட்டக்காரனைச் சொல்லலாம். போதாக்குறைக்கு அந்நாளில் இந்தியர் வெளிநாடு செல்லும்போது எடுத்துச்செல்லும் அந்நியச் செலாவணிக்குக் கடுமையான கட்டுப்பாடு இருந்தது. குறுவைக்கும் சம்பாவுக்கும் தாளடிக்கும் வெவ்வேறு பட்டம் இருப்பது போல, டென்னிசுக்கும் பட்டம் உண்டு: பாரிசில் செம்மண், இலண்டனில் புல்தரை. புல்லில் பந்து தாழ்ந்து வழுக்கும். செம்மண்ணில் மெதுவாகி மேலெழும். ஒன்றில் கைதேர்ந்தவன் மற்றொன்றில் தடுமாறுவான். உயரமும் வலிய முதலடியும் உடைய விஜய்க்குப் புல்தரை பொருந்திற்று.

1973-ஆம் ஆண்டு அவர் பெயர் உலகிற்குத் தெரிந்தது. வயது பத்தொன்பது. விம்பிள்டன் காலிறுதியில் செக்கோஸ்லோவாகியாவின் யான் கோடெசிடம் ஐந்தாவது செட்டில் 5-7 என்ற கணக்கில் தோற்றார். அந்தக் கோடெசே அவ்வாண்டு கோப்பையை வென்றார். அவ்வாண்டு ஏறத்தாழ எண்பது முன்னணி ஆட்டக்காரர்கள் விம்பிள்டனைப் புறக்கணித்திருந்தனர். களம் காலியாக இருந்ததால்தான் இந்த இளைஞர் அத்தனை தொலைவு வந்தார் என்று குறை கூறியோரும் இருந்திருப்பர். அதற்கான விடை சில வாரங்களில் வந்தது. அமெரிக்காவின் பிரெட்டன் உட்ஸ் என்னும் ஊரில் ஜிம்மி கானர்சை இறுதியாட்டத்தில் வென்றார். பின்னர் அமெரிக்க ஓப்பனில், ஓராண்டின் நான்கு பெரும் பட்டங்களையும் 1962-லும் 1969-லும் ஒருசேர வென்ற ராட் லேவரையே ஐந்து செட்டுகளில் வீழ்த்திக் காலிறுதிக்குச் சென்றார். அடுத்த ஆண்டு அதே போட்டியில் பியோன் போர்க் அவரிடம் தோற்றார். அமிர்தராஜ், போர்க், கானர்ஸ் என்று மூன்று பெயர்களின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து டென்னிசின் அரிச்சுவடி என்று அந்நாளைய ஏடுகள் எழுதின. மற்ற இருவரும் பிறகு எட்டிய உயரத்தை அவர் எட்டவில்லை. 1980-இல் உலக வரிசையில் பெற்ற இடமே அவருடைய உச்சம். அது சிறிதன்று.

நாம் மிகுதியும் நின்று பேச விரும்புவது 1974-ஆம் ஆண்டைப் பற்றி.

டேவிஸ் கோப்பை என்பது நாடுகளுக்கிடையே நடக்கும் போட்டி. அவ்வாண்டு கல்கத்தாவில் இந்தியா ஆஸ்திரேலியாவை 3-2 என வென்றது. அந்த மோதலில் மொத்தம் 327 கேம்கள் ஆடப்பட்டன. டேவிஸ் கோப்பை வரலாற்றில் அவ்வளவு நீண்ட மோதல் வேறில்லை. பின்பு பூனாவில் சோவியத் நாட்டை வென்று இந்தியா இறுதிக்குத் தகுதி பெற்றது. எதிரே நின்ற நாடு தென்னாப்பிரிக்கா. அது கறுப்பின மக்களுக்குத் தனிக் குடியிருப்பு, தனிப் பள்ளி, தனி நீர்க்குழாய் என்று சட்டம் எழுதி வைத்திருந்த நாடு. அங்கிருந்த இந்தியர்களும் அந்தச் சட்டத்தின் கீழ்தான் வாழ்ந்தனர். அந்நாட்டுடன் ஆடுவதில்லை என்று இந்திய அரசு முடிவெடுத்தது. இறுதியாட்டம் நடைபெறவே இல்லை. தென்னாப்பிரிக்கா ஆடாமலே கோப்பையைப் பெற்றது.

விஜய்க்கு அப்போது வயது இருபது. அண்ணன் ஆனந்தும் நல்ல ஆட்டநிலையில் இருந்தார். கோப்பை கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. அத்தகைய வாய்ப்பு மீண்டும் வரப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. 1987-இல் சுவீடனில் நடந்த இறுதியில் இந்தியா 0-5 எனத் தோற்றது. அப்போது அவர் 34 வயதை எட்டிவிட்டார். அந்த இளைஞர்கள் கொடுத்த விலை மெய்யான விலை என்பதை மறக்கலாகாது. தனிக்குவளையையும் தனிச் சுடுகாட்டையும் அறிந்த நம்மைப் போன்றோர், எங்கோ ஒரு கடல் கடந்த நாட்டின் தனிக்குழாய்க்காக ஒரு கோப்பை விடப்பட்டது என்று கேட்கும்போது, அந்த முடிவு சரியே என்று சொல்லத் தயங்க மாட்டோம். ஆனால் ஒரு வினாவும் உடன் எழுகிறது. தென்னாப்பிரிக்காவின் தனிக்குழாய்க்கு அவ்வளவு துணிவு காட்டிய நம் நாடு, வெண்மணி எரிந்து ஆறாண்டுகூட நிறையாத அந்நாளில், தன் தேநீர்க் கடைகளின் தனிக்குவளைக்கு எவ்வளவு துணிவு காட்டிற்று? விடை உங்களுக்குத் தெரியும்.

ஆர்தர் ஆஷ் வேறு வழியில் சென்றார். முன்னர் அவருக்கு நுழைவுரிமை மறுத்திருந்த தென்னாப்பிரிக்கா 1973-இல் அனுமதித்தபோது, பார்வையாளரை நிறம் பார்த்துப் பிரித்து அமர்த்தக்கூடாது என்று கேட்டுக்கொண்டு அங்கே சென்று ஆடினார். கறுப்பின மக்களிடையே அதற்குப் பாராட்டும் இருந்தது, கண்டனமும் இருந்தது. பிற்காலத்தில் அவரே புறக்கணிப்பின் பக்கம் உறுதியாக நின்று, 1985-இல் வாஷிங்டனில் தென்னாப்பிரிக்கத் தூதரகத்தின் முன் மறியல் செய்து கைதானார். இளைஞர்கள் இந்த இரு வழிகளையும் பற்றித் தமக்குள் வாதிட்டுப் பார்க்கலாம்.

ஆஷின் பிறப்பிடம் ரிச்மண்ட் என்னும் ஊர். அவருடைய தந்தை, கறுப்பினத்தவருக்கென ஒதுக்கப்பட்ட விளையாட்டுப் பூங்காவின் காவலர். வீடு பூங்காவுக்குள்ளேயே இருந்தது. வாசலைத் தாண்டினால் டென்னிஸ் களம். வெள்ளையருக்கான களங்களில் அவருக்கு இடமில்லை. நம் நாட்டில் பல்வங்கர் பாலு என்னும் தலித் வீரர், பூனாவில் வெள்ளையரின் கிரிக்கெட் மைதானத்தைப் பராமரிக்கும் பணியாளாக இருந்து, அவர்கள் பயிற்சி செய்யப் பந்து வீசி வீசியே கைதேர்ந்து, 1911-இல் இங்கிலாந்து சென்று நூறு விக்கெட்டுகளுக்கு மேல் வீழ்த்தினார். அவருக்கும் தேநீர் வெளியில்தான், தனி மண்குவளையில்தான். களத்தைப் பெருக்கியவர்களின் பிள்ளைகள் களத்தில் இறங்கிய வரலாறு இது.

நாம் படித்த காலத்தில், பெயர் வேண்டாம், ஒரு நகரத்து மன்றத்தில் டென்னிஸ் களம் இருந்தது. புல் வெட்டியவர், உருளை இழுத்தவர், பந்து பொறுக்கிய சிறுவர் அனைவரும் நம் தெருவினர். மாலை ஆறரைக்கு வலையை அவிழ்த்து மடித்து வைப்பதும் நம் சிறுவர் வேலை. மட்டையை மட்டும் அவர்கள் தொட்டதில்லை. தொடக்கூடாது என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதுமில்லை.

அம்மட்டைக்கு நம் பிள்ளைகளின் கை அயலானது என்று எண்ண வேண்டா. பூப்பந்தாட்டம் தஞ்சை அரச குடும்பத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆடிய ஆட்டம் என்பர். அரண்மனையில் பிறந்த அந்த ஆட்டத்தை இன்று மஞ்சள் கம்பளிப் பந்தும் மட்டையுமாக அரசுப் பள்ளித் திடல்களில் ஆடுவோர் யார்? பெரும்பாலும் நம் வீட்டுப் பிள்ளைகளே. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மாணவி ஒருத்தி, இந்த அவையில்தான் இருக்கிறாள், இடக்கையால் அடிக்கும் அடியை எதிர்ப்பக்கம் எடுக்க ஆளில்லை. வயதுக்கு வந்துவிட்டாள், இனித் திடலுக்கு வேண்டாம் என்று வீட்டில் பேச்சு நடப்பதாகக் கேள்வியுற்றோம். அவளுடைய தந்தையாரும் இங்கேதான் இருக்கிறார். ஐயா, உங்களை விழா முடிந்ததும் தனியே சந்திக்கிறோம்.

டென்னிஸ் விலையுயர்ந்த ஆட்டம் என்பது உண்மை. மட்டைக்கு நரம்பு மாற்றவே செலவாகும். பந்து சில நாளில் தேய்ந்துவிடும். இங்கே ஆடத் தொடங்கும் எல்லாரும் விம்பிள்டன் செல்வர் என்று சொல்வது பொய். தஞ்சை அன்னை சத்யா விளையாட்டரங்கம் வரை போய்வரப் பேருந்துக் கட்டணத்திற்கே நம்மவர் பலர் கணக்குப் பார்க்க வேண்டியுள்ளது. ஆகவேதான் திடல் வாசலில் இருக்க வேண்டும் என்கிறோம். ஆஷுக்குப் பூங்கா வாசலில் இருந்தது.

கணக்கைச் சொல்லி முடிக்கிறோம். டென்னிஸ் களத்தின் நீளம் 78 அடி. இரட்டையர் ஆட்டத்திற்கு அகலம் 36 அடி. சுற்றிலும் ஓட இடம் விட்டால் 120 அடிக்கு 60 அடி வேண்டும். அது ஏறத்தாழ பதினாறரை சென்ட். விடுதிக்குப் பின்னால் இருப்பது இருபது. சிமெண்டுத் தரைக்குப் பணமில்லை என்பர். இந்தியாவில் சாணம் மெழுகிய டென்னிஸ் களங்கள் இருந்துள்ளன. களத்துமேட்டை மண் போட்டு இறுக்கி, சாணம் மெழுகி, நெல் ஒன்றுகூட மண்ணில் புதையாதபடி தரை செய்யும் கலையில் நம் தாய்மார்களுக்கு யார் கற்பிக்க வேண்டும்? அறுவடை முடிந்த பங்குனியில் தொடங்கினால் சித்திரைக்குள் தரை அமைந்துவிடும். வலையும் நான்கு மட்டைகளும் வாங்க நம் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் மூவர் முன்வந்துள்ளனர். மாலை ஐந்து முதல் ஆறேகால் வரை பெண் பிள்ளைகள், அதன்பின் ஆண் பிள்ளைகள், இருட்டியதும் எல்லாரும் விடுதியின் படிப்பறைக்கு என்று ஒரு நேர அட்டவணையைச் செயலாளர் அவர்களிடம் எழுதிக் கொடுத்துள்ளோம். நிர்வாகக் குழு வரும் ஞாயிறன்று கூடுகிறது. உறுப்பினர்கள் தவறாது வந்து வாக்களிக்குமாறு வேண்டுகிறோம்.