பனிச்சறுக்கும் மூன்று இரவு வேலையும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"வாரத்துக்கு மூணு நாள் பனியில சறுக்கிட்டு, சம்பளமும் எப்படிடா வாங்குற?" என்று போன சந்திப்பில் என் அறை நண்பன் கேட்டான். அன்று சிரித்து மழுப்பிவிட்டேன். இன்று மேடை கொடுத்திருக்கிறீர்கள், சொல்லிவிடுகிறேன்.

நான் இருப்பது அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் சிட்டியில். 2002-இல் குளிர்கால ஒலிம்பிக் நடந்த ஊர். அங்கிருந்து ஆல்ட்டா, ஸ்னோபேர்ட், பிரைட்டன், சாலிட்யூட் என்று நான்கு சறுக்கு மலைகள் ஒரு மணி நேரத்துக்குள் இருக்கின்றன. ஆல்ட்டாவில் ஆண்டுக்குச் சராசரி 500 அங்குலத்துக்கு மேல் பனி விழும். நமக்குப் பனி என்றால் மார்கழியில் தலைக்குத் துண்டு கட்டுவதுதானே! 32 வயதில்தான் சறுக்குக் கட்டையைக் காலில் மாட்டினேன். விழுந்த கணக்கைச் சொன்னால் நேரம் போதாது.

பைத்தியம் பிடித்தவுடன், மலையிலேயே வேலை தேடினால் என்ன என்று தோன்றியது. லிஃப்ட் இயக்குபவர்களுக்கு சீசன் பாஸ் இலவசம். விசாரித்த பிறகுதான் விவரம் புரிந்தது. கிறிஸ்துமஸ், சனி, ஞாயிறு என்று கூட்டம் வரும் நாளெல்லாம் அவர்களுக்கு வேலை நாள். புதுப்பனி விழுந்த காலையில் ஊரே சறுக்கும்; இவர்கள் மண்வெட்டியோடு லிஃப்ட் வாசலில் நிற்பார்கள். பனி உருகினால் வேலையும் உருகிவிடும். அதோடு, வேலை விசாவில் போன நம்மைப் போன்றவர்கள் நினைத்த வேலைக்குத் தாவ முடியாது. பச்சை அட்டை வரும்வரை ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அட்டை வந்ததும், அங்கே ஒரு தேர்வு எழுதி, மருத்துவமனை ஒன்றின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்தேன். இரவு 7 முதல் காலை 7 வரை, வாரத்துக்கு மூன்று இரவு. சம்பளம் குறைந்தது. "படிச்சதெல்லாம் சறுக்கி விழுறதுக்கா?" என்றார் அப்பா, தொலைபேசியில். பிள்ளையைப் பள்ளியில் விடுவது என் வேலை என்று ஆன பிறகே வீட்டில் சமாதானம். மாணவர்களே, நேர்முகத் தேர்வில் சம்பளத்தை மட்டும் கேட்காதீங்க, வேலை அட்டவணையையும் கேளுங்க.

ஒரு தவறையும் சொல்ல வேண்டும். ஒரு பிப்ரவரியில், இரவு வேலை இருந்த நாளிலேயே, மதியம் இறங்கிவிடலாம் என்று ஆல்ட்டாவுக்குப் போனேன். புயல் வலுத்தது. பனிச்சரிவு ஆபத்து என்று சாலையை மூடிவிட்டார்கள். இருப்பதே அந்த ஒரு சாலைதான். கட்டடத்தை விட்டு வெளியே வரவும் தடை. பகல் முழுதும் வேலை பார்த்துக் களைத்திருந்த பிலிப்பைன்ஸ் நாட்டு அம்மா ஒருவர் எனக்காக நள்ளிரவு தாண்டியும் இருந்தார். மறுநாள் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் குத்தியது. அடுத்த இரண்டு கிறிஸ்துமஸ் இரவும் அவருக்குப் பதிலாக நான் வேலை பார்த்தேன். வேலை இருக்கும் நாளில் எவ்வளவு நல்ல பனி விழுந்தாலும் இப்போது மலைப்பக்கம் போவதில்லை.

சறுக்குக் கட்டை ஒரு ஜோடி கொண்டுவந்திருக்கிறேன். விமானத்தில் அதற்குக் கொடுத்த கட்டணத்தை மட்டும் கேட்காதீர்கள்! வேதியியல் கூடத்தில் வைத்திருக்கிறேன்; சாப்பாட்டுக்குப் பிறகு வந்து மாட்டிப் பாருங்க.