ஆடும் நாற்காலியும் அழகிய கடனும்

(நம் அறக்கட்டளையின் கல்வி மற்றும் தொழிற்பயிற்சி உதவி வழங்கும் நிகழ்ச்சியில் செயலாளர் ஆற்றிய உரை)





மேடை ஓரத்தில் ஒரு மர நாற்காலி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நிகழ்ச்சி தொடங்கும் முன்பே பிள்ளைகள் முறை வைத்து அதில் ஏறி ஆடிவிட்டார்கள். எந்தக் கடையில் வாங்கியது என்று மூன்று பேர் என்னிடம் விசாரித்தும் விட்டார்கள். இது கடையில் வாங்கியதல்ல. நம் மஹல்லாவைச் சேர்ந்த ஓர் இளைஞர், தன் வீட்டுப் பின்கட்டில் தகரக் கொட்டகை போட்டு, நான்கு மாத மாலை நேரங்களில் செய்தது. தன் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். எனவே நாற்காலியைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பிள்ளை ஒன்றரை ஆண்டுக்கு முன் நம் அலுவலகத்தில் ஒரு மனு கொடுத்தார். பிளஸ் டூ முடித்து மரவேலைக்குப் போகிறேன், சொந்தமாக ஒரு சிறிய பேண்ட் சாவும் சில கருவிகளும் வாங்க வட்டியில்லாக் கடன் வேண்டும் என்று எழுதியிருந்தார். அந்த மனுவை நான் கோப்பின் அடியில் வைத்துவிட்டேன். மறுத்து எழுதவும் இல்லை, கமிட்டியின் முன் வைக்கவும் இல்லை. “நன்றாகப் படிக்கிற பிள்ளை, டிகிரிக்குக் கேட்டால் கொடுக்கலாமே, தச்சு வேலைக்கா கேட்பது?” என்று மனத்துக்குள் ஓர் எண்ணம். கேட்டிருந்தால் அவருடைய வாப்பாவும் அதைத்தான் சொல்லியிருப்பார். “இந்த வேலை பார்க்கிற பையனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?” என்று அவர் ஜும்ஆவுக்குப் பின் என்னிடம் ஒருமுறை வருத்தப்பட்டதும் உண்டு.

சில மாதங்களுக்கு முன் அந்தப் பிள்ளையின் உம்மம்மாவை நலம் விசாரிக்கப் போயிருந்தேன். மூட்டு வலி. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும். அன்று அந்த அம்மா இதே நாற்காலியில் தஸ்பீஹ் ஓதிக்கொண்டு மெல்ல ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் ஸலாம் சொன்னதும் உடலை முன்னால் சாய்த்தார்கள், நாற்காலியும் கூடவே முன்னால் வந்தது, கைப்பிடியை ஊன்றி ஒருவர் துணையும் இல்லாமல் எழுந்து நின்றார்கள். “பேரன் செய்து தந்தது தம்பி” என்றார்கள். கோப்பின் அடியில் கிடந்த மனு எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

இந்த வடிவத்தை எங்கே கற்றாய் என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டேன். சாம் மாலூஃப் என்ற பெயரைச் சொன்னார். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். அந்த மனிதரின் வாழ்க்கை நம் பெற்றோர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று.

மாலூஃப் 1916ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் சீனோ என்ற ஊரில் பிறந்தார். பெற்றோர் லெபனானிலிருந்து பிழைக்கப் போன கிறிஸ்தவக் குடும்பத்தார். சிறு வயதில், ரொட்டி திருப்புவதற்கு ஓர் அகலமான மரக்கரண்டியைத் தன் தாய்க்குச் செய்து கொடுத்திருக்கிறார். மரவேலையைப் பெரும்பாலும் தாமாகவே கற்றார். இரண்டாம் உலகப் போரின்போது ராணுவத்தில் இருந்தார். பிறகு வரைகலை வேலை பார்த்தார். 1948இல் திருமணம். புது வீட்டுக்குச் சாமான் வாங்கக் கையில் காசில்லை. பிறர் ஒதுக்கிய பிளைவுட்டையும் சரக்குப் பெட்டிப் பலகையையும் கொண்டு வீட்டுக்கு வேண்டியதைத் தாமே செய்தார். அதைப் பார்த்தவர்கள் எங்களுக்கும் செய்து கொடுங்கள் என்றார்கள். மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு மரவேலையில் இறங்கினார். தொடக்க வருடங்கள் கஷ்டமான வருடங்கள். கணக்கு வழக்கையெல்லாம் அவர் மனைவி பார்த்துக்கொண்டார். தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். பட்டறை அவருடையது என்றாலும் பிழைப்பை இருவரும் சேர்ந்தே நடத்தினார்கள்.

ஆல்டா லோமா என்ற இடத்தில், எலுமிச்சைத் தோட்டத்துக்குள், வீடும் பட்டறையும் ஒன்றாக அமைத்துக்கொண்டார். அங்கே அவர் செய்த ஆடும் நாற்காலிகள்தான் உலகப் புகழ் பெற்றன. அமெரிக்க ஜனாதிபதிகளாக இருந்த கார்ட்டர், ரீகன் இருவரிடமும் அவர் செய்த நாற்காலி இருந்தது. 1985இல் மக்ஆர்தர் அறக்கட்டளையின் பெரும் நல்கை அவருக்குக் கிடைத்தது. அவருடைய வடிவங்களைத் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்ய உரிமை கொடுத்தால் பல மில்லியன் டாலர் தருகிறோம் என்று கேட்டு வந்தவர்களுக்கு அவர் சம்மதிக்கவில்லை. அதே சமயம் தன் செய்முறையை ஒளித்தும் வைக்கவில்லை. புத்தகம் எழுதினார், பயிற்சி வகுப்பு நடத்தினார். கலைஞர் என்று பிறர் புகழ்ந்தபோதும், மரவேலைக்காரன் என்று அழைக்கப்படுவதையே விரும்பினார். 2009இல் தம் 93ஆம் வயதில் இறந்தார்.

அவர் நம் மார்க்கத்தவர் அல்லர். ஆனாலும் நல்லது எங்கே இருந்தாலும் எடுத்துக்கொள்வது நம் முன்னோர் வழக்கம்.

இப்போது இந்த நாற்காலிக்கு வருவோம். அந்தப் பிள்ளை எனக்கு விளக்கியதை என்னால் முடிந்தவரை சொல்கிறேன். இது என்ன மாதிரி வேலை என்று தெரிந்தால்தான், இதற்குப் படிப்பு தேவையில்லை என்ற எண்ணம் நம்மை விட்டுப் போகும்.

மாலூஃப் பெரும்பாலும் வால்நட் மரத்தில் செய்தார். இது புயலில் விழுந்த ஒரு பூவரசு மரம். அறுத்து, நிழலில் அடுக்கி, நன்றாகக் காய வைத்த பிறகே உளி வைத்திருக்கிறார். ஈரம் காயாத மரத்தில் வேலை செய்தால் பின்னால் முறுக்கிக்கொள்ளும், பொருத்து விட்டுப்போகும்.

உட்காரும் பலகை ஒரே துண்டு அல்ல. பல பலகைகளின் ஓரங்களைச் சற்றுச் சாய்வாக இழைத்து ஒட்டியிருக்கிறார். ஒட்டும்போதே பள்ளம் போன்ற வளைவு வந்துவிடுகிறது. பிறகு உடம்பு அமரும் வடிவத்துக்குக் குடைந்தெடுத்திருக்கிறார். கால்கள் பலகையோடு சேரும் இடத்தைப் பாருங்கள். பலகையிலும் காலிலும் ஒன்றையொன்று கவ்வும்படி காடி வெட்டியிருக்கிறார். மாலூஃபின் பெயராலேயே அந்தப் பொருத்து அறியப்படுகிறது. உள்ளே திருகாணி இருக்கிறது, அதன் தலையைக் கருநிற மரமுளை மூடியிருக்கிறது. கால் எங்கே முடிகிறது, பலகை எங்கே தொடங்குகிறது என்று கையால் தடவினால் தெரியாது. பொருத்திய பிறகு அரத்தால் இரண்டையும் ஒன்றாகச் செதுக்கியிருக்கிறார்.

கீழே ஆடுகிற வளைகட்டைகள். ஒரே பலகையிலிருந்து வளைவாக அறுத்து எடுத்தால் மரத்தின் நார் குறுக்கே அறுபட்டுப் பலவீனமாகிவிடும். அதனால் மெல்லிய பட்டைகளாக அறுத்து, பசை தடவி, ஓர் அச்சின் மேல் வளைத்து, கிளாம்ப் போட்டு இறுக்கி வைத்திருக்கிறார். பசை காய்ந்த பின் பல பட்டைகள் ஒரே கட்டையாக நிற்கின்றன, நார் வளைவோடு நீள ஓடுகிறது. தனித்தனியே எளிதில் ஒடியக்கூடியவை சேர்ந்து நின்றால் ஓர் ஆளின் பாரத்தைத் தாங்கும் என்பதை நம் ஜமாஅத்துக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

எல்லாவற்றிலும் கடினமானது சமநிலை. வளைவு ஒரு பெரிய வட்டத்தின் துண்டு போன்றது. அந்த வட்டத்தின் நடுப்புள்ளி, உட்கார்ந்திருப்பவரின் எடை மையத்துக்கு மேலே இருந்தால்தான் சாய்ந்த நாற்காலி தானாகத் திரும்பி வரும். இல்லையென்றால் கவிழ்த்துவிடும். இது கல்லூரியில் நான் படித்த பௌதிகம். நான் பரீட்சையில் எழுதியதோடு சரி. அந்தப் பிள்ளை அதைக் கையால் செய்து காட்டியிருக்கிறார். வளைகட்டையை ஒட்டும் முன் உம்மம்மாவை உட்கார வைத்து, முன்னே பின்னே நகர்த்தி, பென்சிலால் அடையாளம் போட்டாராம். முதல் தடவை செய்த வளைகட்டைகள் சரிவரவில்லை. இரண்டு வாரத்து வேலையைத் தூக்கி வைத்துவிட்டு, வேறு வளைவில் மறுபடி செய்திருக்கிறார்.

நிகழ்ச்சி முடிந்ததும் நாற்காலியின் அடிப்பாகத்தைத் தடவிப் பாருங்கள். யாரும் பார்க்காத அந்த இடத்தையும் உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கி எண்ணெய் பூசியிருக்கிறார். ஏன் என்று கேட்டேன். “அல்லாஹ் பார்க்கிறான் அல்லவா பாய்” என்றார்.

எல்லாக் காரியத்திலும் இஹ்ஸானை அல்லாஹ் விதித்திருக்கிறான் என்ற பொருளில் ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு ஹதீஸ் வருகிறது. மதரஸாவில் அதை நான் ஓதியிருக்கிறேன், மேடைகளில் பலமுறை எடுத்துச் சொல்லியுமிருக்கிறேன். அதன் பொருள் இந்த நாற்காலியின் அடியில் என் விரலுக்குத் தட்டுப்பட்டது.

சகோதரர்களே, கைத்தொழிலை இழிவாக நினைக்க நமக்கு எந்த ஆதாரமும் கிடையாது. நபி ஸகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. நபி தாவூத் (அலை) அவர்கள் தம் கையால் உழைத்தே உண்டார்கள் என்றும், அதைவிடச் சிறந்த உணவு இல்லை என்றும் புகாரியில் வருகிறது. நபி நூஹ் (அலை) அவர்களுக்குக் கப்பல் கட்டும்படி கட்டளை வந்ததை நாம் அறிவோம். பெருமானார் (ஸல்) அவர்கள் நின்று குத்பா ஓதிய மிம்பரைச் செய்தவர், மதீனத்து அன்ஸாரிப் பெண் ஒருவரிடம் இருந்த தச்சர். ஒவ்வொரு ஜும்ஆவிலும் நாம் மிம்பரைப் பார்த்துக்கொண்டு உட்காருகிறோம். வீட்டுக்கு வந்து, தச்சு வேலைக்காரனுக்குப் பெண் தர மாட்டோம் என்கிறோம்.

நம்மில் பலர் வீட்டில் பழைய சாய்வு நாற்காலி ஒன்று இருக்கும். தோப்பில் முஹம்மது மீரான் அவர்கள் அந்தப் பெயரில் ஒரு நாவல் எழுதி, 1997இல் சாகித்திய அகாதமி விருது பெற்றார். பரம்பரைப் பெருமை பேசிக்கொண்டு அதில் சாய்ந்தபடியே குடும்பச் சொத்தை அழித்த ஒருவரின் கதை. நாற்காலியில் சாய்ந்து கரைந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. நாற்காலி செய்து நிமிரும் ஒரு குடும்பத்தை இப்போதுதான் என் கண்ணால் பார்க்கிறேன்.

படிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இன்று உதவித்தொகை வாங்கும் பிள்ளைகள் நன்றாகப் படிக்க வேண்டும். ஆனால் கணக்கும் பௌதிகமும் பொறுமையும் சேர்ந்த ஒரு வேலையை விரும்பித் தேர்ந்தெடுத்த பிள்ளையைத் தோற்றுப்போனவன் போல நடத்தாதீர்கள். விருப்பமில்லாத படிப்பில் சேர்த்து, கடன்பட்டு, பாதியில் நின்ற பிள்ளைகளையும் நம் அலுவலகத்தில் நான் பார்க்கிறேன்.

இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. எடுத்தவுடன் ஆடும் நாற்காலி செய்ய ஆசைப்படாதீர்கள். ஒரு முக்காலி, ஒரு ரேஹால் பலகை என்று தொடங்குங்கள். தெரிந்த ஒருவரிடம் நின்று கற்றுக்கொள்ளுங்கள். மாலூஃப் அடையாளக் கோட்டை மட்டும் நம்பி, கட்டையைக் கையில் தூக்கிப் பிடித்தே பேண்ட் சாவில் அறுப்பார். அது ஆபத்து என்று அவரே மற்றவர்களை எச்சரித்திருக்கிறார். மரத்தூள் நுரையீரலுக்குக் கேடு, முகக்கவசம் இல்லாமல் இழைக்காதீர்கள். கண்ணாடி போடுங்கள். தளர்ந்த சட்டைக்கையோடு இயந்திரத்தின் அருகே போகாதீர்கள். ஒரு விரலை இழந்தால் எந்த அறக்கட்டளையாலும் திருப்பித் தர முடியாது.

நிறைவாக ஒரு செய்தி. சென்ற வாரம் கமிட்டியில் இந்தப் பிள்ளையின் மனுவை வைத்தேன், தாமதத்துக்கு நான்தான் காரணம் என்பதையும் சொன்னேன். ஜகாத் நிதியைத் தொடாமல், பொது நிதியிலிருந்து தொழிற்கருவிகளுக்கு வட்டியில்லாத அழகிய கடன் கொடுக்க ஒருமனதாக முடிவாகியிருக்கிறது. தையல், மின்வேலை, மரவேலை எதுவானாலும் விண்ணப்பிக்கலாம். ஆண், பெண் இருபாலரும் விண்ணப்பிக்கலாம். திருப்பிச் செலுத்தும் தவணையை அவரவர் வருமானத்தைப் பார்த்து முடிவு செய்வோம். அந்தப் பணம் திரும்பி வந்தால்தான் அடுத்த பிள்ளைக்குப் போகும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். வசதியுள்ளவர்கள் இந்த நிதிக்குக் கைகொடுக்க வேண்டுகிறேன்.

கயிற்றை எடுத்துக்கொண்டு போய் விறகு சுமந்து விற்பது, பிறரிடம் கையேந்துவதைவிடச் சிறந்தது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்தார்கள். அந்தக் கயிறு இல்லாதவருக்குக் கயிறு கொடுப்பது நம் கடமை. ஒன்றரை ஆண்டு அதை நான் கொடுக்கவில்லை. அல்லாஹ் என்னை மன்னிப்பானாக. நம் பிள்ளைகளின் கைகளில் பரக்கத் செய்வானாக. அவர்கள் கையால் உழைத்து உண்பதைக் கண்டு நாம் மகிழும் பாக்கியத்தைத் தருவானாக. ஆமீன்.

நாற்காலியை இன்று மாலைக்குள் உம்மம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், மஃரிபுக்குப் பின் அதில் உட்கார்ந்துதான் ஓதுவார்களாம். எனவே பார்க்க விரும்புகிறவர்கள் இப்போதே வந்து பாருங்கள்.

வஸ்ஸலாம்.